முகத்துவாரக்குப்பத்துக்குப் போன படப் புத்தகம்

நூலகத்தில் வேலை பார்ப்பவர்கள் சாந்த சொரூபிகள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அங்கே சத்தமாகப் பேச முடியாது, அவ்வளவுதான். வயிற்றெரிச்சல் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கொதித்துக்கொண்டிருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் வடசென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் மருத்துவ நூலகத்துக்கு நான் தலைமை நூலகர். என் வயிற்றெரிச்சலுக்கு ஸ்டெல்லா என்று பெயர்.

ஸ்டெல்லா என் உதவியாளர். சனிக்கிழமைதோறும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய தமிழ்ப் பிரசுரங்களை ஆஸ்பத்திரி வேனில் ஏற்றிக்கொண்டு, எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரக்குப்பத்துக்குப் போவாள். குழந்தைக்கு வயிற்றால் போனால் உப்பு சர்க்கரைக் கரைசல், காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்தக்கூடாது, இப்படிப்பட்ட சமாசாரங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவாள். திரும்பி வரும்போது கையில் நண்டு இருக்கும், எறா இருக்கும். ஒருமுறை வஞ்சிரமே வந்தது. (நானும் டாக்டர்களுக்கு மாங்கு மாங்கென்று கட்டுரைகள் தேடிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தரும் ஒரு நெத்திலிகூடத் தந்ததில்லை.)

மீனையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பிரசவ வார்டுக்கு வந்த குப்பத்துப் பெண்கள் நூலகம்வரை படியேறி வந்து, ஸ்டெல்லா அக்கா இல்லையா என்று கேட்டார்கள். நான் இருக்கிறேனே, என்ன வேண்டும் என்றேன். "பரவால்ல மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். அந்தப் 'பரவால்ல' என்னை ரொம்ப நாள் தூங்க விடவில்லை.

இந்த நிலையில்தான் சூப்பரின்டெண்ட், சனிக்கிழமை வேலையை நிரந்தரப் பொறுப்பாக்கி ஒருவரிடம் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னார். ஸ்டெல்லா அப்போது தங்கை கல்யாணத்துக்காக லீவில் இருந்தாள். இந்த வாரம் நான் போகிறேன் சார் என்று முந்திக்கொண்டேன். அந்தப் பொறுப்பு எனக்கே வர வேண்டும். அந்தக் குப்பமே என்னைத் தேடிப் படியேற வேண்டும். வேறு எதுவும் என் மண்டைக்குள் இல்லை.

ஸ்டெல்லாவின் சாணித்தாள் பிரசுரங்களை நான் தொடவில்லை. எங்கள் நூலகத்திலேயே விலை உயர்ந்த புத்தகத்தை எடுத்தேன். தோல் நோய்களின் வண்ணப் படத் தொகுப்பு, வெளிநாட்டு அச்சு, பளபளவென்று வழுவழுத் தாள். 'வெளியே எடுத்துச் செல்லக்கூடாது' என்று அதன்மேல் முத்திரை குத்தியதே நான்தான். அதைப் பட்டுப் புடவை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வேனில் போனேன்.

வலை பின்னும் கொட்டகையில் பெண்கள் கூடினார்கள். நான் டாக்டர் இல்லை, புத்தகத்தில் இருப்பதை மட்டும்தான் சொல்வேன் என்று தொழில் தர்மப்படி முதலிலேயே சொல்லிவிட்டேன். பக்கங்களைப் புரட்டப் புரட்ட ஒரே நிசப்தம். ஸ்டெல்லாவுக்கு இப்படி ஒரு நிசப்தம் கிடைத்திருக்குமா என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன். (அது பயம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.)

அப்போது குப்பத்தில் பெரிய ஆளான தேசம்மா முன்னால் வந்து முழங்கையை நீட்டினாள்.

"மேடம், இது எந்தப் பக்கத்துல கீது?"

ஒரு நூலகரிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. எது கேட்டாலும் பக்கத்தை எடுத்துக் கொடுப்பதுதானே எங்கள் பிழைப்பு. இல்லை என்று சொல்ல எங்களுக்கு வராது. தேசம்மாவின் சொறிக்குப் பொருத்தமான படத்தைக் கண்டுபிடித்தேன். அவள் படத்தையும் முழங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்தவள் கழுத்தைக் காட்டினாள். அதற்கும் பக்கம் கிடைத்தது. அப்புறம் வரிசையே நின்றுவிட்டது. கணுக்கால், முதுகு, கைக்குழந்தையின் கன்னம் என்று ஒன்றைக்கூட நான் வெறுங்கையோடு அனுப்பவில்லை. புத்தக விவரம் எழுதும் சின்ன அட்டைகள் பையில் இருந்தன. ஆளுக்கு ஓர் அட்டையில் நோயின் பெயரையும் பக்க எண்ணையும் என் அழகான கையெழுத்தில் எழுதி, அடியில் பத்மா என்று என் பெயரையும் போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை குப்பமே அந்த அட்டைகளோடு புற நோயாளிகள் பிரிவில் நின்றது. ஞாயிறு முழுக்க வீடுகளில் தனித் தட்டு, தனிப் பாயாம். தேசம்மா ஒருபடி மேலே போய் நகையெல்லாம் மகளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தோல் டாக்டர் மத்தியானம்வரை பார்த்தார். பாதிப் பேருக்கு வேர்க்குரு, மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீர் அரிப்பு. ஒரு பாட்டியம்மாவுக்கு நான் கண்டுபிடித்த அபூர்வ நோய், சின்ன வயதில் குத்திய பச்சை.

சூப்பரின்டெண்ட் கையில் அட்டைக் கத்தையோடு நூலகத்துக்கு வந்தார்.

"நம்ம ஆஸ்பத்திரில பத்மான்னு புதுசா யாராவது டாக்டர் சேர்ந்திருக்காங்களாம்மா?"

நான் அலமாரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த நிமிஷமே பொறுப்பு ஸ்டெல்லாவுக்குப் போய்விட்டது. லீவிலிருந்து வந்த கையோடு அவள் குப்பத்துக்குப் போய், சிரித்துப் பேசி எல்லோரையும் சமாதானம் செய்துவிட்டு நண்டோடு திரும்பினாள். எனக்கும் பாதி தந்தாள். பொறாமையில் வெந்துகொண்டே தின்றேன். நண்டு பிரமாதமாக இருந்தது, அது இன்னும் வயிற்றெரிச்சல்.

அதற்குப் பிறகு குப்பத்தில் யாராவது இல்லாத வியாதியைச் சொல்லிப் படுத்தால், அவனுக்கு 'பத்மா மேடம் வந்துகீது' என்று சொல்ல ஆரம்பித்தார்களாம். ஸ்டெல்லா இதை எங்கள் வீட்டில் வந்து சொல்லப்போக, என் கணவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பரீட்சை நாளில் மகள் வயிற்று வலி என்றால் உடனே, "அம்மா வந்துட்டாளா?" என்பார். இன்று பேரன்வரை அது நடக்கிறது.

போன வருஷம் நானும் ஸ்டெல்லாவும், இருவருமே ஓய்வு பெற்றவர்கள், முகத்துவாரக்குப்பத்துக்குப் போனோம். பெரியவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்த இளம்பெண்ணிடம் ஸ்டெல்லா தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை, வேன், பிரசுரம் என்று என்னென்னவோ சொன்னாள். ஊஹூம். கடைசியில் என்னைக் காட்டி, இவங்கதான் பத்மா மேடம் என்றாள். அந்தப் பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"மெய்யாலுமே ஆளா? நாங்க வியாதின்னுல்ல நென்ச்சிகினு இருந்தோம்."

திரும்பி வரும்போது ஸ்டெல்லா ஆட்டோவில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். எத்தனையோ சனிக்கிழமை சாயங்காலங்களில் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.