அர்ரேயை அசையவிடாத ஆணி அண்ணே

பினாங்குத் தீவிலேயே ஒரு பொருளைக் கைமாற்றத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் அலுவலகத்து ஆணி அண்ணேதான். நாமெல்லாம் தூக்கி எறிகிறோம் என்பது அவர் கட்சி.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரப் பந்தலில் அவரை மோர் கொடுக்க நிறுத்தினார்கள். கோப்பையை நீட்டினார், விடவில்லை.

"குடிங்கக்கா, முடிக்கிற வரைக்கும் நான் பிடிச்சிருக்கேன்."

"கையை விடுங்க தம்பி, எனக்குக் குடிக்கத் தெரியும்லா!"

"முடிச்சிட்டேன்னு சொல்லுங்க, விடறேன்."

வரிசை சாலை வரை நீண்டது. மறு வருடம் செருப்புக் காவலுக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஒவ்வொரு ஜோடியையும் உரியவர் காலில் மாட்டிவிட்ட பிறகுதான் கையை எடுத்தாராம்.

எல்லாம் தொழில் செய்த கோலம். நாங்கள் அளவெடுக்கும் இயந்திரங்கள் செய்கிறோம். கருவியோடு பேசும் லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பை அண்ணே சி மொழியில் எழுதுவார். திரையில் காட்டும் நிரலை நான் சி ஷார்ப்பில் எழுதுவேன். எண்களை வரிசையாக வைக்க நினைவகத்தில் ஒரு காலி அடுக்கை, அதாவது அர்ரேயை, நான் கொடுப்பேன். அவர் லைப்ரரி நிரப்பித் தரும். என் பக்கத்தில் நினைவகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. இடம் ஒழிக்க அது அர்ரேயை நகர்த்திவிடும். அண்ணே பக்கத்துக்கோ பழைய முகவரி மட்டுமே தெரியும். ஆகவே நிரப்பி முடியும்வரை அர்ரேயை ஆணி அடித்து நிறுத்த வேண்டும். இதை மேசையைத் தட்டித் தட்டி எல்லோருக்கும் சொல்லி வாங்கிய பெயர்தான் 'ஆணி'.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய எனக்கு இந்த நிரலைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. அது நினைத்தபோதெல்லாம் பாதி ஓட்டத்தில் நின்று விழுந்தது. வாடிக்கையாளர் வருவதற்குள் சரியாகாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போகும் என்றார் மேலாளர். ஆணியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் தூங்காத தலையை எப்படி நம்புவது? பால்புட்டியைத் துணி அலமாரியில் வைத்துவிட்டு ஃப்ரிட்ஜில் தேடியவள் அல்லவா நான்!

கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க லைப்ரரி முடிச்சிட்டேன்னு சொன்னப்புறமும் என் அர்ரேல எழுதுதா?"

"என் லைப்ரரியா? யார்கிட்ட பேசுறே தங்கச்சி?"

சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். வேகம் கூட்ட, எழுதும் வேலையைப் பின்னணியில் ஓடவிட்டு, முன்னதாகவே 'முடிந்தது' என்று சொல்லும்படி, நான் விடுப்பில் இருந்தபோது அவரே மாற்றியிருந்தார். நான் அதை நம்பி ஆணியைப் பிடுங்குவேன், அர்ரே நகரும், அவர் லைப்ரரி பழைய இடத்தில், வேறு எதன் மேலோ எழுதிக்கொண்டிருக்கும்.

மேலாளரிடம் தனியாகப் போய்ச் சொல்லவில்லை அவர். எல்லோரும் உட்கார்ந்திருந்த கூடத்தின் நடுவில் நின்று கத்தினார். "பாஸ், தப்பு என்னோடதுலா! இந்தப் புள்ள எழுதின புரோகிராம் சுத்தம்!"

அன்றே திருத்தினார். வாடிக்கையாளர் வந்தபோது நிரல் விழவில்லை. வேலையும் என்னிடமே நின்றது.

"சத்தமில்லாம திருத்தியிருக்கலாமேண்ணே, உங்களுக்குத்தானே அசிங்கம்?"

"புரோகிராமைச் சத்தமில்லாம திருத்திடலாம். நீ உன்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தியே, அதை எப்படித் திருத்துறது?"

சொல்லிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் தன் மேசைக்குப் போய்விட்டார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அப்படி ஒரு குறை இருந்ததாக இப்போது நினைவில்லை.