முதலில் அது க்ரூஸர்

லியோ மான்ஃப்ரெடிக்கு முப்பத்திரண்டு வருஷமாக ஒரு எரிச்சல். அவன் கல்யாண விருந்தில் எல்லாரும் கோப்பையைத் தூக்கி நிற்கும்போது காஸிமிர் டூடெக் எழுந்து, "முதல்ல இந்தப் பொண்ணை இவன் அண்ணன் ப்ரூனோவுக்குத்தான் பேசியிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

இது ஒரு தனி இனம் ஐயா. 'முதல்ல' மனிதர். அமெரிக்காவில், கேம்டன் கப்பல் பட்டறையில் எங்களுக்கு டூடெக் வாய்த்தான். பாலத்தைக் காட்டினால் முதலில் அங்கே படகுத்துறை என்பான். கோழி சூப்பை நீட்டினால் முதலில் இதை வாத்தில்தான் வைப்பார்கள் என்பான். பாதிரியார் குழந்தைக்குப் பெயர் சொல்லித் தண்ணீர் தெளிக்கும்போது, முதலில் வேறு பெயர்தான் வைப்பதாக இருந்தது என்று பின்வரிசையிலிருந்து முணுமுணுப்பான். யார் கேட்டது?

இத்தனைக்கும் மூலம் ஒரு கப்பல். க்ரூஸராகத்தான், அதாவது பீரங்கிப் போர்க்கப்பலாகத்தான், அதை ஆரம்பித்தார்கள். பீரங்கி உட்காரும் இரும்பு வளையத்துக்கு டூடெக் ஏழு மாதம் வெல்டு வைத்தான். யுத்தம் வந்தது. விமானந்தாங்கிதான் அவசரம் என்று மேலிடத்து உத்தரவும் வந்தது. வளையத்தை அறுத்தெறிந்து, அந்த ஒல்லி உடம்பின்மேல் விமானம் இறங்கத் தட்டையாக ஒரு தளத்தைப் போட்டு, பெயரையும் மாற்றிவிட்டார்கள். அறுத்தது லியோ. டூடெக் பக்கத்தில் நின்று பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் கல்யாணத்தில் பேசினான்.

இப்போது பட்டறையை மூடியாயிற்று. கட்டிய கப்பல்களின் பெயரெல்லாம் தொழிலாளர் சங்கக் கூடத்தில் பலகையாக ஏறப்போகிறது. எழுதுகிறவன் லியோ. நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த டூடெக்கைப் பார்க்கப் போனவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பலகை விஷயத்தைச் சொன்னான்.

"பழைய பேரு?" என்றான் டூடெக்.

"கடலுக்குப் போன பேரைத்தான் எழுதுவாங்க காஸ். இல்லாத கப்பலை எப்படிய்யா எழுதறது?"

டூடெக் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிரிக்கிறீர்களா? புதுசாகத் திறந்த கடையைப் பார்த்து, 'முன்னே இங்கே வேற கடை இருந்தது' என்று நேற்றுகூட யாரையாவது பிடித்து நிறுத்திச் சொல்லியிருப்பீர்கள். கேட்டவர் கடிகாரத்தைப் பார்த்திருப்பார். அந்த இடத்தில் நீங்கள் ஏழு மாதம் வைத்த வெல்டு எது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

லியோ தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டான். பின்னாலிருந்து குரல் வந்தது.

"கீழே சின்னதா எழுதிடு. அறுத்தவன் நீதானே."