தண்ணி வருது என்று கத்திய விவரம்

அன்பிற்குரிய மைத்துனருக்கு, உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே இருவரும் நலம். சற்று ஈரமான நலம். அங்கே உலர்ந்த நலம்தானே?

"கடலோரத்தில் உங்களை நம்பி என் அக்காவை விட்டுவைக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து அழைத்துப் போகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். வண்டிக்குச் சொல்லுமுன் செவ்வாய்க்கிழமை நடந்ததைப் படியுங்கள்.

எங்கள் தெரு வெள்ளத் தயார்நிலைக் குழுவின் தலைவர் அடியேன். மழை கொட்டும் நேரத்தில் கடலும் ஏறினால், வாய்க்கால் தண்ணீர் கடலுக்குள் போக முடியாமல் தெருவுக்கே திரும்பிவிடும். விளக்குக் கம்பத்தில் போட்ட சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டதும் நான் மெகாபோனில், "வெள்ளம்! அனைவரும் பள்ளிக்கூட மாடிக்குச் செல்லவும்" என்று அறிவிக்க வேண்டும். இரண்டு முறை ஒத்திகை வைத்தோம். வந்தது நானும் உங்கள் அக்காவும்தான். தையல்காரர் ஜன்னல் வழியாகவே, "வெள்ளமாவது கிள்ளமாவது, என் மிஷினை விட்டு நகர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய் மதியம் வானம் பொத்துக்கொண்டது. கடலும் ஏறியது, வாய்க்கால் பின்பக்கமாக ஓடியது, சிவப்புக் கோடு கண்முன்னே மறைந்தது, மெகாபோனை எடுத்தால் பேட்டரி உயிரை விட்டிருக்கிறது, பதற்றத்தில் மனப்பாடம் செய்த வாக்கியம் காற்றில் பறந்துவிட, என் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி வருது! தண்ணி வருது!" எங்கள் தெருக்குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம்தான் தண்ணீர். அந்தச் சொல்லுக்கு இங்கே ஒரே அர்த்தம். ஒரு நிமிடத்தில் எல்லாக் கதவும் திறந்து, தெருவே குடமும் வாளியுமாக முழங்கால் தண்ணீரில் நிற்கிறது! நகரவே மாட்டேன் என்ற தையல்காரர் இரண்டு வாளியோடு பாய்ந்து வந்து, "நான்தான் முதல்ல! வரிசையில வாங்கய்யா!" என்கிறார். "வரிசை கெடக்கட்டும், குழாய் எங்கய்யா?" என்று யாரோ கேட்க, குழாய் முழுகிப்போனது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

வீட்டுக்குள் ஒரு ஆள் பாக்கியில்லை. அப்படியே குடத்தோடு மாடியேற்றித் தலையை எண்ணினோம், நாற்பத்து மூன்று, ஒன்றும் குறையவில்லை. அரை மணி நேரத்தில் தையல்கடைக்குள் கழுத்தளவு தண்ணீர். மாடியிலிருந்து அதைப் பார்த்த தையல்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "உள்ள இருந்திருந்தா..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்? கடவுளே என் நாக்கில் வந்து உட்கார்ந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

இனியாவது உங்கள் அக்கா பத்திரமான கையில் இருக்கிறாள் என்று நம்புங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும், குழந்தைகளுக்கு நனையாத ஆசிகளும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
குழுத் தலைவர்

பி.கு. தம்பி, இவர் கடிதத்தை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்தது நல்லதாப் போச்சு. கத்தினது நான்டா. வெள்ளம்னா ஒருத்தரும் அசைய மாட்டாங்கன்னுதான் ஒத்திகையிலயே பாத்தேனே, அதான் யோசிச்சு அப்படிக் கத்தினேன். உன் அத்தான் அப்போ கட்டிலுக்கு அடியில பேட்டரி தேடிட்டு இருந்தாரு. உள்ள தண்ணி ஏறுது, வாங்கன்னு நாலு தடவை கூப்பிட்டும் வரல. நான் வாசல்ல நின்னு கத்தினதும் குடத்தைத் தூக்கிட்டு முதல் ஆளா ஓடி வந்தாரு. வண்டி அனுப்பாதே. நான் அங்க வந்துட்டா, அடுத்த மழைக்கு இவரை யாருடா வெளிய வரவைக்கிறது?