தலைவருக்கு அடித்த கிட்டார்

சனிக்கிழமை முற்பகல் பதினொன்று இருபது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா மாலையில்தான் தொடங்குவதாக இருந்தது. அதை நான் பதினொன்று இருபதுக்கே முடித்து வைத்துவிட்டேன்.

நான் கவலைப்படுகிற ஜாதி. (கணித ஆசிரியை, கற்பித்தலில் இருபது வருட அனுபவம், கவலையில் அதைவிடக் கூட.) என் மகள் தர்ஷினிக்குப் பதினாறு வயது. வீட்டில் சும்மாவும் வாசிக்க வேண்டும், மேடையில் வயர் செருகியும் வாசிக்க வேண்டும், விலையும் நமக்குக் கட்டுப்படியாக வேண்டும். இப்படி ஒரு கிட்டாரை மாதக்கணக்கில் கைபேசியில் தேடிவிட்டு, ஒரு நாள் என்னை ஹட்டன் டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கடையில் அவள் ஒவ்வொன்றையும் மடியில் வைத்து, கழுத்து நேராக இருக்கிறதா, கம்பி விரலை அறுக்கிறதா என்று பார்த்தாள். பலகையை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். நான் கடைக்கார நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்), "இது ஷாக் அடிக்குமா?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கு இருக்கிறது சின்ன பேட்டரி ஒண்டு டீச்சர். அது அடிச்சு இதுவரைக்கும் ஒருத்தரும் மௌத்தாகல்ல."

"எங்க பக்கம் பனி கூடங்க. அதுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"கிட்டாருக்குச் சளி, தடிமன் புடிக்காது டீச்சர். ஈரம் படாம வச்சாச் சரி."

நான் பளபளக்கும் நீலத்தைக் காட்டினேன். மகள் மங்கலான மர நிறத்தை எடுத்தாள். "அது பாக்கத்தான் நல்லாருக்கும்மா. இதுதான் பேசுது," என்றாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நான்கு பேர். ஜன்னல் பக்கம் ஈரம், அடுப்புப் பக்கம் சூடு என்று இடம் தேடித் தேடி, கடைசியில் கட்டிலில் என் கணவர் படுக்கும் பக்கமே அதற்கு உகந்தது என்று கண்டுபிடித்தேன். இருந்த ஒரே நல்ல கம்பளியும் அதற்கே போனது. அவர் இரண்டு வாரம் இருமினார். கிட்டார் இருமவில்லை.

கோயிலில் கிட்டாரா என்று கமிட்டித் தலைவர் ராமையா இரண்டு மாதம் யோசித்தார். பிறகு, "ரெண்டே ரெண்டு பக்திப் பாட்டு. ஏதாச்சும் கோளாறுன்னா என்னையக் கேக்கக்கூடாதுங்க டீச்சர்," என்று சம்மதித்தார். தர்ஷினிக்கு அதுதான் முதல் மேடை. விரல் நுனி காய்த்துப்போகும் அளவுக்குப் பயிற்சி எடுத்திருந்தாள்.

அன்று காலை கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் கிட்டாரை ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைத்துப் பார்த்துவிட்டு, என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுத் தலை முழுகப் போனாள். வயர் செருகியபடியே இருந்தது. செருகியிருந்தாலே பேட்டரி கரையும் என்று அவள் எப்போதோ சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. மாலையில் சத்தம் வராவிட்டால்? எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே கடையில் அவள் செய்ததுபோல் பலகையைத் தட்டினேன்.

உள்ளே 'தும்' என்று சிறிதாகத்தான் கேட்டது. ஒலிபெருக்கிக் குழாய்கள் வெளியே மரத்தில், தேயிலை மலையைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஒரு தட்டு போதாது என்று பத்துத் தட்டினேன். அதன் பிறகு விரல்கள் தாமாகவே ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டன. லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவளுக்கு மனப்பாடமான தாளம் ஒன்றே ஒன்று: யாராவது இறந்தால் தப்புப் பறையில் அடிக்கிற அடி. அதைக் கேட்டால் மலையில் கொழுந்து எடுப்பவர்கள் அப்படியே விட்டுவிட்டு இறங்கி வருவார்கள். இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது நான் பேட்டரியின் நலத்தை மட்டுமே யோசித்தேன். பத்து நிமிடம் அடித்தேன். (கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

வெளியே அழுகுரல் கேட்டது. கதவைத் திறந்தால், பூசாரி கோயிலைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"தீட்டுங்க டீச்சர். இனி திருவிழா இல்ல. தலைவரு போயிட்டாரு."

ராமையா காலையிலேயே ரத்தம் சோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். தப்புச் சத்தம் கேட்டு, யாரைக் காணவில்லை என்று கணக்குப் பார்த்தவர்கள் அவர் பெயரில் வந்து நின்றிருக்கிறார்கள். அவருடைய கைபேசி வேறு அணைந்திருந்தது. யாருக்கும் அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

நானும் ஓடினேன். அவர் வீட்டு வாசலில் கூடைகளோடு பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். நான் தலைவரின் மனைவியைக் கட்டிக்கொண்டு மனமார அழுதேன். தலைவரோடு எட்டு வருடம் பேசாத அவர் மச்சான் தூணில் முட்டிக்கொண்டார். குழி வெட்ட மண்வெட்டியோடு நாலு பேர் புறப்பட்டும் விட்டார்கள்.

ஈரத் தலையோடு தர்ஷினி வந்து என் கையைப் பிடித்து ஒதுக்கினாள். "அம்மா, எல்லாரும் தப்பு கேட்டுச்சுங்கிறாங்க. தப்படிக்கிற அண்ணன் இங்கதான் நிக்கிறாரு. அவரு அடிக்கலயாம். கிட்டார என்னம்மா பண்ணீங்க?"

அவள் கண்ணில் கோபம்கூட இல்லை. முதல் மேடை போய்விட்டது என்ற வெறுமைதான் இருந்தது. கூட்டத்தின் நடுவே போய், "யாரும் சாகலங்க. நான்தான் கிட்டார்ல தட்டினேன்," என்றேன்.

ஒரு அக்கா என்னை உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். "பாவம் டீச்சரு, தாங்க முடியாம என்னமோ பேசுது."

இன்றைக்கும் நான் மேசையில் விரல் வைத்தால் வீட்டில், "யாருங்க போனது?" என்று அனுதாபத்தோடு கேட்கிறார்கள்.

பன்னிரண்டரைக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. கையில் பஞ்சு ஒட்டிய ராமையா இறங்கினார். கூட்டத்தைப் பார்த்துப் பதறி, "ஐயோ, யாரு?" என்று அவரும் அழ ஆரம்பித்தார்.

அது அவர்தான் என்று அவருக்கு விளக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் நடந்ததை மறுபடியும் சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார், தூணடியில் நின்ற மச்சானைப் பார்த்தார், தூரத்தில் தலை குனிந்து நின்ற என் மகளைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பூசாரி, கோயிலத் தொறங்க. புள்ள ரெண்டு பாட்டு இல்ல, நாலு பாட்டு வாசிக்கட்டும்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் நெசமாவே போற அன்னிக்கு, நீங்களே வந்து அடிங்க டீச்சர். இம்புட்டுக் கூட்டம் வேற யாரு அடிச்சாலும் வராது."