ஒன்றேகால் அப்பா

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் என் ஆசிகள். இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே மகள் “யாருப்பா லைன்ல?” என்கிறாள். எதற்குக் கேட்க வேண்டும்? அதனால் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

உன் அண்ணி போன பிறகு நான் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று மகள் என்னை இங்கே அழைத்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. “இனிமே இங்கயே இருந்துடுங்கப்பா” என்று அவளும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளையும் மருந்துக் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் வராததுமாக “என்ன மாமா, முடிவு பண்ணிட்டீங்களா?” என்பார், நானும் உள்ளுக்குள் சரியென்று தீர்மானித்துவிட்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லாததே நல்லதாகப் போயிற்று. போன சனிக்கிழமை சர்க்கரை தேடப்போய்ச் சமையலறை அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்பக்கத்தில், குழந்தையின் பால்மாவு டின்னுக்கு நேராக, யார் கண்ணிலும் படாதபடி ஒரு தாள், மேல்விளிம்பு மட்டும் ஒட்டித் தொங்கியது. மகளின் கையெழுத்து. திங்கள், ஒரு அப்பா. செவ்வாய், ஒன்றேகால் அப்பா. புதன், முக்கால் அப்பா. இப்படியே இரண்டு மாதத்துக்கு! சர்க்கரை போடாமலே காபியைக் குடித்தேன்.

நான் முப்பத்தொரு வருஷம் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவன். எடைக்கற்களைக் கையால் தொட்டால் விரல் வியர்வையும் சேர்ந்து எடை காட்டும் என்று இடுக்கியால் மட்டுமே தூக்கியவன். ஒரு அலகைப் பார்த்தால் அது என்னத்தை அளக்கிறது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியாது. அதுவும் என் தலையில் ஏற்றிய அலகு! ஒரு மனிதனின் பெயரை அலகுக்கு வைப்பது சாதாரண மரியாதை இல்லை. நியூட்டனுக்கு விசை, பாஸ்கலுக்கு அழுத்தம், ஜூலுக்கு ஆற்றல், ஓமுக்கு மின்தடை. பெரும்பாலும் ஆள் போய்ச் சேர்ந்து, எலும்பெல்லாம் மண்ணான பிறகுதான் அந்த மரியாதையைச் செய்வார்கள். எனக்கு மட்டும் என்ன அவசரம்? நான் போய்விட்டதாகவே கணக்கு வைத்துவிட்டார்களா? போன பிறகும் நிம்மதி கிடையாது, அதையும் கேட்டுக்கொள். செல்சியஸ் தன் அளவில் கொதிநீருக்குப் பூஜ்யமும் பனிக்கட்டிக்கு நூறும் வைத்திருந்தார், அவர் கண்ணை மூடியதும் மொத்தத்தையும் தலைகீழாகப் புரட்டிவிட்டார்கள். நல்ல மனுஷன், எழுந்து வந்து கேட்கவா போகிறார்?

இன்னொன்று என்னை உறுத்தியது. மின்சாரத்தைத் தேக்கும் திறனை அளக்க, ஃபாரடே பெயரில் ஃபாரட் என்று ஒரு அலகு இருக்கிறது. அது அத்தனை பெரிது. முழு ஃபாரட்டை வைத்துக்கொண்டு அன்றாட வேலை எதுவும் செய்ய முடியாது, பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே என்று கிள்ளிக் கிள்ளித்தான் பயன்படுத்துவார்கள். தாளில் கால் அப்பா, அரை அப்பா என்று பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. முழு அப்பாவை இந்த வீட்டால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது.

நேரே கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் நிஜம் வருமா? சோதித்தால்தான் வரும். திங்கட்கிழமை அரை வயிறு சாப்பிட்டேன், தாளில் வழக்கம்போல ஒரு அப்பா. ஆகவே சாப்பாட்டை அளக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டிவிட்டு நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. மகள் நாலு தடவை வெந்நீர் கொண்டுவந்தாள், மாப்பிள்ளை கடையைப் பாதியில் விட்டுவிட்டு மாத்திரையோடு ஓடிவந்தார், குழந்தை வேறு பகல் முழுக்க வீறிட்டு அழுதாள். ஒரு தொண்டைக்கட்டுக்கு இவ்வளவு பதற்றமா? எனக்கு அப்போதே பொறி தட்டியது. சாயங்காலம் தாளைப் பார்த்தேன். பூஜ்யம்! புதன்கிழமை நியூட்டனையும் பாஸ்கலையும் சேர்த்துச் சொன்னேன், ஒன்றரை அப்பா. இன்று ஓம் கதையைப் பாதியில் நிறுத்தினேன், கால் அப்பா. இனி என்ன சந்தேகம்? நான் போடுகிற அறுவைக்குத்தான் அலகு கண்டுபிடித்திருக்கிறார்கள், புருஷனும் பெண்டாட்டியுமாக என்னை அளந்து சிரிக்கிறார்கள்!

மனசு விட்டுப்போச்சு. இந்த வீட்டில் என் பேச்சை மரியாதையாகக் கேட்கும் ஒரே ஜீவன் என் பேத்திதான். எட்டு மாதம்தான் ஆகிறது. மத்தியானம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தபடி ஒவ்வொரு விஞ்ஞானியாகச் சொல்வேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டாள். சங்கீதம் கேட்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அவளை விட்டுப் போவதுதான் எனக்குத் தாளவில்லை. இருந்தாலும் போகத்தான் வேண்டும். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். சாவி உன்னிடம் இருக்கிறது, வீட்டைத் திறந்து பெருக்கிவை. ஸ்டேஷனுக்கு உன் வீட்டுக்காரரை அனுப்பு. மகளுக்கு மூச்சு விடாதே.

நீயும் உன் குடும்பமும் குறைவின்றி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
எல்லோரையும் நம்பிக் கெட்ட
உன் அண்ணன்

பி.கு.: மேலே உள்ளது எதையும் நம்பாதே. நான் வரவில்லை, வீட்டைத் திறக்காதே. உறையை ஒட்டுவதற்குள் மகள் கதவைத் தட்டி, கட்டிலில் பெட்டியைப் பார்த்துவிட்டாள். பிடிபட்ட பிறகு மறைத்து என்ன பயன், தாளைப் பற்றிக் கேட்டேவிட்டேன். ஓவென்று அழுதாள்.

“ஒரு அப்பான்னா ஒரு மணி நேரம்ப்பா. பாப்பா பகல்ல தூங்கற நேரம். நீங்க வர்றதுக்கு முன்னாடி அவ கண்ணே மூடமாட்டா. உங்க கதையைக் கேட்டாத்தான் தூங்கறா. நான் குளிக்கறது, சாப்பிடறது, தலை சாய்க்கறது எல்லாம் அந்த நேரத்துலதான். நீங்க போயிட்டா நான் என்னப்பா பண்ணுவேன்?”

“அப்போ என் பேச்சைக் கேட்டா தூக்கம் வருதுங்கறியா?” என்றேன்.

“எனக்கும்தான் மாமா” என்றார் வாசலில் நின்ற மாப்பிள்ளை.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் ஒருத்தருக்குத் தேவைப்படுகிறேன் என்று கேட்டு எத்தனை நாளாயிற்று! பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

நிற்க. மகள் அந்தத் தாளைக் கதவிலிருந்து பிய்த்து என் கையில் கொடுத்தாள். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், போன மாதம் நான் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த தேதியில், “அத்தை போன், இரண்டு அப்பா” என்று எழுதியிருக்கிறது. நீ பேசியதை ஸ்பீக்கரில் போட்டார்களாம், குழந்தை இரண்டு மணி நேரம் அசையவில்லையாம். இதை ஏன் என்னிடம் மறைத்தாய்? உண்மையைச் சொல், என் பேத்தியிடம் என்னதான் பேசினாய்?