ஒரு படகுக்குப் பன்னிரண்டு முரசு

புதோங்கா கரை, மூன்றாம் தளம்.
ஈசல் பறந்து ஓய்ந்த மறுநாள்.

கிசோண்டா ராஜ்யத்தின் கடற்படைப் பெருந்தலைவரும், மன்னரின் வலப்பக்கத்து முக்காலிக்கு உரியவரும், என் மனைவி கபோனேராவின் கூடப்பிறந்த அண்ணனுமாகிய பாரோங்கோ மச்சான் அவர்களின் சமூகத்துக்கு, மூன்றாம் தளத்தின் தலைவன் கமுகாண்டா மண்டியிட்டு எழுதிக்கொள்வது. தங்கள் மாடுகள் நீண்ட கொம்போடு கன்று ஈனட்டும். தங்கள் வாழைத்தோப்பில் குலை தள்ளட்டும். எப்போது ஏரிக்கு வரச் சொன்னாலும் தங்களுக்கு வந்துவிடும் அந்த முழங்கால் வலி சீக்கிரம் குணமாகட்டும். இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம் என்று எழுதுவது முறை. முறைக்கு எழுதியாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு படகு வேண்டும். படை நடத்த அல்ல, யாரோடும் சண்டை போட அல்ல. உங்கள் மருமகள், என் மகள் கசீமே, முசேரா தீவில் இரண்டாம் தளத்துச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு போனவள், இப்போது நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று தீவிலிருக்கிற ஒரே மருத்துவச்சி தளத்து முரசு மூலம் சொல்லியனுப்பியிருக்கிறாள். சொல்லியனுப்பிய கையோடு அவளும் காய்ச்சலில் படுத்துவிட்டாள். பிரசவ ஆஸ்பத்திரி எங்கள் கரையில் இருக்கிறது. ஈசல் பறந்துவிட்டது, அடுத்து தென்காற்று. அது கிளம்பிவிட்டால் ஒன்றரை மாதத்துக்கு ஒரு கட்டைகூட ஏரியைத் தாண்டாது என்பது ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். மீனவர்களிடம் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். "படகு தர்றேங்கய்யா, தங்கமான பொண்ணு, தராம என்ன? ஆனா தீவு படைத்தளமாச்சே. வெளிப்படகு அங்க கரை தட்டினா பொளந்து விறகாக்கணும்னு சட்டம். பொளக்க வேண்டிய கோடாலி உங்க கிட்டதான இருக்கு?" என்றான் ஒருவன். வாஸ்தவம். கோடாலி மட்டும் நம் படையில் குறைவில்லாமல் இருக்கிறது.

நம் கடற்படையின் அமைப்பைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்வது, மாட்டுக்காரனுக்கே பால் கறக்கச் சொல்லித் தருவது மாதிரிதான். ஆனாலும் வயிறு எரிகிறவன் வாய் சும்மா இருக்குமா? முதலில் நம் நாட்டில் கடலே இல்லை. ஏரிப்படை என்றால் பக்கத்து ராஜ்யத்துக்காரன் சிரிப்பான் என்று கடற்படை என்று பெயர் வைத்தார்கள். அவன் இப்போதும் சிரிக்கிறான். முதல் தளம் கவூமு குன்றின் பின்பக்கத்தில், வாழைத்தோப்புக்கு நடுவில், ஏரியின் வாடைகூட வராத இடத்தில் இருக்கிறது. துடுப்புகள் எல்லாம் அங்கேதான். அவற்றில் ராஜமுத்திரை இருப்பதால் நனையக் கூடாதாம். இரண்டாம் தளம் தீவில். அங்கே நங்கூரம் இருக்கிறது, படகு இல்லை. அதனால் அந்தத் தளம் மட்டும் இதுவரை எங்கேயும் நகர்ந்துவிடவில்லை. மூன்றாம் தளம் அடியேனுடையது. படகு இங்கே. ஒரே படகு, பேரு 'ராஜமுதலை', முன்பக்கம் இடதுபுறம் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நிஜ முதலையே வந்து போகலாம்.

அதிலும் போய்ப் பார்த்தேன் மச்சான். போன மாதம் துடுப்புக்கு மனுப் போட்டு, மூங்கில் கழிதான் அனுமதி என்று பதில் வாங்கி, அதைக் கொண்டே மகளைக் கூட்டிவரக் கிளம்பினேன். நாணல் தாண்டுவதற்குள் கணுக்கால் வரை தண்ணீர். தண்ணீர் இறைக்கிறவன் ருயோங்கா, தன் மாமியார் சாவுக்குப் போயிருந்தான்.

"டேய், தண்ணி ஏறுதுடா! இறைங்கடா!"

"ஐயா, இறைக்கிறது கெளுத்திக் குலத்து வேலை. நாங்க நீர்நாய்க் குலம், தள்ளத்தான் செய்வோம். எங்க கை இறைப்பானைத் தொட்டா எங்க பாட்டன் சமாதில தூங்க மாட்டான்."

"உங்க பாட்டன் தூங்கணும்னு நாம முழுகணுமா?"

"முழுகினா அவரை நேர்லயே பார்த்துச் சமாதானம் சொல்லிக்கலாங்கய்யா."

முரசுக்காரன் பிரூங்கியைப் பார்த்தேன். அவன் தவளைக் குலம், முரசைத் தவிர எதையும் தொட மாட்டான். "வேணும்னா முழுகறோம்னு அடிச்சுச் சொல்லட்டுமாய்யா?" என்று பணிவாகக் கேட்டான். கடைசியில் என் தொப்பியைக் கழற்றி நானே இறைத்தேன். இடுப்பளவு தண்ணீரில் நடந்து கரை ஏறினோம். மறுவாரமே உங்கள் அலுவலகத்திலிருந்து கடுதாசி வந்தது. படகு எப்படி இருக்கிறது, ஆட்கள் பிழைத்தார்களா என்று ஒரு வார்த்தை இல்லை. அரசுத் தொப்பியைத் தண்ணீர் இறைக்கப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தீர்கள். அந்தக் கடுதாசியால் ஓட்டையை அடைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை.

சரி, புதுப்படகு ஒன்று தச்சன் கொட்டகையில் பாதி முடிந்து கிடக்கிறதே, அதைக் கொடுங்கள் என்று எழுதினேன். "முதல்ல மன்னர் பார்வையிடட்டும், அப்புறம் படகு உனக்குத்தான்" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினீர்கள். எதைப் பார்வையிட? கிசோண்டா மன்னர் பெரிய தண்ணீரைக் கண்ணால் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஏரி தன் பங்கைக் கேட்டு மேலே ஏறி வரும் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அதனால் அவர் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படகு முரசுகளின் சத்தத்தைக் காதால் எண்ணுவார். அதற்குப் பெயர் பார்வையிடுவது. நீங்கள் அரண்மனையில் பன்னிரண்டு படகு என்று சொல்லி வைத்திருந்தீர்கள். "குறையற படகுக்கு முரசை வச்சு நிரப்பு" என்று உத்தரவு வந்தது. நிரப்பினேன். பிரூங்கி ஊரெல்லாம் அலைந்து, கல்யாண மேளம் அடிக்கிறவர்களைக்கூட இழுத்து வந்து, முழங்கால் தண்ணீரில் நாணலுக்குள் நடந்துகொண்டே அடிக்கப் பழக்கினான்.

அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரித்தால் உங்கள் தங்கை அடிக்க வருகிறாள். மன்னர் சிறுத்தைத் தோலில் அமர்ந்து வாழைத்தோப்பைப் பார்த்தபடி கேட்டார். "பாரோங்கோ, முரசு கேக்குது. தண்ணி அலையற சத்தமே கேக்கலையே?"

"பயிற்சி, மகாராஜா. எதிரி காதுல துடுப்புச் சத்தம் விழக் கூடாதுன்னு பழக்கியிருக்கோம்."

"அப்ப முரசு எதுக்கு?"

"அது எதிரி பயப்படறதுக்கு, மகாராஜா."

எப்படித்தான் உங்களுக்கு இப்படி நாக்கு புரளுகிறதோ! அந்த நேரம் பார்த்து நாணலுக்குள்ளிருந்து ஒரு நீர்யானை தலையைத் தூக்கியது. பிரூங்கி முரசை விடாமல் அடித்துக்கொண்டே கரையோடு ஓடினான், பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம். மன்னர் காதைத் தீட்டிக்கொண்டார். "அது என்ன, அவ்வளவு வேகமா ஒண்ணு போகுது?" நீங்கள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அதுதான் நம்ம விசைப்படகு, மகாராஜா" என்றீர்கள். "மகாராஜா, உள்ளது ஒரே படகு, அதுவும்..." என்று நான் வாயைத் திறந்தேன். என் கால் கட்டைவிரலை மிதித்தீர்கள். நகம் கறுத்துப்போய் இன்னும் விழவில்லை.

மன்னருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பன்னெண்டு படகு! இதுக்கு மேல எதுக்கு இன்னொண்ணு? தச்சன்கிட்ட இருக்கறதை நம்ம அரண்மனைக் கல்யாணத்துக்குக் கள்ளுத்தொட்டியா வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். நீங்களும் "உத்தமமான யோசனை" என்று தலையை ஆட்டினீர்கள். மச்சான், அது என் மகள் ஏறி வர வேண்டிய படகு. அதில் இன்றைக்கு வாழைப்பழத்தைப் போட்டு மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பொய் முரசு நன்றாக அடிக்க வைத்ததால் நிஜப் படகு போயிற்று. கொஞ்சம் மோசமாக அடித்திருந்தால் என் மகளுக்கு வழி பிறந்திருக்கும். இந்த நாட்டில் வேலையைச் சரியாகச் செய்தவன் எவன் உருப்பட்டான்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு புழுங்க முடியவில்லை. மன்னர் ஏரிக்கு முதுகு காட்டுவது சாத்திரம். நீங்கள் ஏன் காட்டினீர்கள்? பதவிக்குப் போனதிலிருந்து ஒரு தடவை கரைக்கு வந்ததுண்டா? கசீமே பிறந்தபோது வரவில்லை, அவள் தீவுக்குப் போகப் படகேறி அழுதபோது வரவில்லை. அன்றைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தும், அவள் இருக்கிற தீவு இருக்கிற திசையில் தலையைக்கூடத் திருப்பவில்லை. உங்கள் தங்கை அடுப்படியில் முணுமுணுத்ததை அப்படியே எழுதுகிறேன். "எங்க அண்ணன் முகம் மறந்தே போச்சு. முதுகு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு." இதற்கு என்ன பதில் சொல்வீர்களோ, எனக்குத் தெரியாது.

ஆகவே கடைசியாகக் கேட்கிறேன். அந்தத் தொட்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவையுங்கள். கள் வாடை அடித்தாலும் பரவாயில்லை, ஈ மொய்த்தாலும் பரவாயில்லை, மிதந்தால் போதும். கூடவே துடுப்பும் அனுப்புங்கள், நனைத்தால் நானே துடைத்துத் தருகிறேன். தாய்மாமன் என்று ஒருவர் இருப்பதை அந்தப் பெண் ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கட்டும்.

தங்கள் முரசு கிழியாதிருக்கட்டும், தங்கள் முக்காலி ஆடாதிருக்கட்டும், தங்கள் எதிரி வீட்டுப் பாலில் ஈ விழட்டும். பெரியவர்களுக்கு வணக்கம், மாடுகளுக்கு உப்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
காலில் நல்ல நகமும் கையில் நல்ல படகும் இல்லாத,
கமுகாண்டா.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது அரண்மனைத் தூதன் வந்தான். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் என் தோளில் மரப்பட்டைத் துணியைப் போர்த்திவிட்டான். அணிவகுப்பில் மகிழ்ந்த மன்னர் என்னைக் கடற்படைப் பெருந்தலைவராக்கிவிட்டாராம். உங்கள் முழங்காலுக்கு ஏரிக்காற்று நல்லது என்று மூன்றாம் தளத்துக்கு உங்களை அனுப்புகிறாராம். ஆக, மேலே எழுதியதெல்லாம் எனக்கே வந்து சேர வேண்டிய மனு. உட்கார்ந்து படித்தேன். என்ன வாய் இவனுக்கு என்று தோன்றியது.

தூதன் என் நாற்காலியைப் பிடித்து வாழைத்தோப்புப் பக்கம் திருப்பி வைத்தான். "மன்னர் பக்கத்துல உக்கார்ற கண்ணு இனிமே பெரிய தண்ணியப் பார்க்கக் கூடாது. முக்காலிக்குப் போறவங்க காதுல மட்டும் சொல்ற சட்டம் இது" என்றான். அப்படியா சங்கதி! இவ்வளவு வருஷமும் முழங்கால் வலி என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்களே, பாவி மச்சான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வேண்டாம் என்று மறுத்தால் என்ன என்று கேட்டேன். காதை அறுப்பார்களாம்.

தொட்டியைக் கேட்டேன். கள் பொங்க ஆரம்பித்துவிட்டது, ராஜாவின் கள்ளைக் கவிழ்க்க எவனுக்கும் உரிமை இல்லையாம். நாளைக் கழித்துக் கல்யாணம், முதல் குவளை பெருந்தலைவர் குடிக்க வேண்டுமாம். முடிந்த மட்டும் வேகமாகக் குடித்துக் காலிசெய்து உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். துடுப்பும் வரும். உங்கள் தங்கையிடம் சொன்னேன். "போங்க, போய் நல்லாக் குடிங்க. நான் அண்ணன்கூடத் தொட்டியில ஏறிப் போய் என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் திரும்ப முடியவில்லை, அவள் ஏரிப் பக்கம் நின்றிருந்தாள்.

மச்சான், நீங்கள் இனிமேல் தண்ணீரைப் பார்க்கலாம். நிறையப் பாருங்கள். காற்றுக்கு முன்னால் போய்விடுங்கள். கசீமே உயிரோடு கரையில் கால் வைத்ததும் பிரூங்கியை முரசடிக்கச் சொல்லுங்கள். குன்றுக்குப் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு விஷயம். அவள் வந்து சேர்ந்தால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். வராத படகுக்கு அடிக்க அவனைப் பழக்கியவன் நான்தான்.