வெடிக்கு முந்திய பைக்

ஆறு மாதக் கொம்பியூட்டர் கோர்ஸ் ஒன்றை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்ட ஆளை நம்பி எந்தப் பொருளையும் கொடுக்கக் கூடாது. ஒன்றும் படிக்காதவன் தொடப் பயப்படுவான். ஒழுங்காகப் படித்தவன் யோசித்துத் தொடுவான். என்னைப் போன்றவன் நல்லாயிருப்பதைத் திறந்து பார்ப்பான். (அந்தச் சான்றிதழை உம்மா சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தா. இப்போது அந்த ஆணியில் கலண்டர் தொங்குகிறது.)

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது. ஆலங்குடாவில் இருந்த எனக்கு மதுரங்குளிப் பக்கத்து ஊரொன்றில் பெண் பேசியிருந்தார்கள். (ஊரின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அடி விழும், ஆகவே சொல்லவில்லை.) பெண்ணின் பெயர் ஷிபானா. அவளுடைய வாப்பா ஹாஜியார், அந்த ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகசபைத் தலைவர். நோன்பு மாதம் பிறந்ததும், மாப்பிள்ளை வீட்டார் ஒருநாள் நோன்பு திறக்க வரவேண்டும், அன்றைக்கே கல்யாணத் தேதியையும் பேசி முடித்துவிடலாம் என்று சொல்லியனுப்பினார். ஷிபானாவை நான் ஒரே ஒரு தடவை, அதுவும் பத்து நிமிஷம்தான் பார்த்திருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தில் விழுந்தவன் அதற்குப் பிறகு எழும்பவில்லை.

வாப்பாவும் உம்மாவும் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. நானும் மரியாதையாக அவர்களோடு ஏறியிருக்கலாம். ஆனால் என் பைக்கை ஹாஜியார் பார்க்க வேண்டுமே. டாங்கியில் கிடந்த பெற்றோல் போய்வரக் காணுமா என்பதுதான் கவலை. அந்தக் கவலையோடு ஃபோனை நோண்டியபோது ஒரு வீடியோ அகப்பட்டது. பைக்கின் இருக்கைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது, எஞ்சினுக்குள் எந்த நேரம் எவ்வளவு பெற்றோல் பீச்சுவது என்று தீர்மானிக்கும் கொம்பியூட்டர் அதுதான், அதன் கணக்கை மாற்றி எழுதினால் கொஞ்சப் பெற்றோலில் பைக் பறக்கும் என்றார் அதில் வந்தவர். கொம்பியூட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் சுவரில் இருந்த சான்றிதழை நிமிர்ந்து பார்த்தேன்.

புத்தளத்தில் கராஜ் வைத்திருந்த கூட்டாளியிடம் வயர் ஒன்றை இரவல் வாங்கி, லெப்டொப்பைப் பைக்கோடு பொருத்தினேன். மாற்றி எழுத முதல் பழைய கணக்கைச் சேமித்து வையுங்கள் என்று வீடியோக்காரர் இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரமும் வீடியோவை முன்னுக்கு ஓட்டிவிட்டேன். இணையத்தில் யாரோ சும்மா கொடுத்த புதிய கணக்கை இறக்கி எழுதி முடித்தேன். அது பந்தயத் திடலில் ஓடும் பைக்குக்காகத் தயாரித்தது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்ததைப் பெருநாளைக்குப் பிறகுதான் வாசித்தேன்.

அன்று பின்னேரம் புறப்பட்டபோது பைக் அம்பு மாதிரிப் போனது. பாலாவிச் சந்தி வரும்வரை உலகத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை. சந்தியில் வேகத்தைக் குறைக்கக் கைப்பிடி முறுக்கை விட்டேன். பின்னால் டமார் என்று ஒரு வெடி. தெருவோரம் வத்தகப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர் பழங்களுக்குப் பின்னால் குந்திவிட்டார். இன்னொரு தடவை விட்டுப் பார்த்தேன், இன்னொரு டமார். முறுக்கை விடும்போது எரியாமல் மிஞ்சுகிற பெற்றோல் சைலன்சருக்குள் போய் வெடிக்கிறது. (பந்தயக்காரர்களுக்கு அது அழகாம்.) பழைய கணக்குக்குத் திரும்ப வழியில்லை. ஒரேயொரு யோசனைதான் வந்தது: முறுக்கை விடாமல் போனால் சத்தம் வராது. அப்படியே நிற்காமல் காலம் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தால் நான் தப்பிவிடலாம்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று அந்த ஊரில் நடந்துகொண்டிருந்தது. அன்று கரண்ட் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் பெட்டரியும் செத்துக் கிடந்தது. ஒவ்வொருவர் ஃபோனிலும் ஒவ்வொரு நேரம் காட்டுவதால், ஃபோனைப் பார்த்து யாரும் நோன்பு திறக்கக் கூடாது, பாங்கு சொல்கிற மோதினார் நேரம் வந்ததும் பள்ளி முற்றத்தில் சீன வெடி போடுவார், அந்தச் சத்தத்துக்குத்தான் திறக்க வேண்டும் என்று ஹாஜியார் வீடுவீடாக அறிவித்திருந்தார். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் ஒரு வெடிக்காகக் காத்திருந்தது.

அந்த அமைதிக்குள் நான் நுழைந்தேன். ஹாஜியாரின் ஒழுங்கை திரும்புவதற்காக முறுக்கை விட்டேன். பாலாவியில் கேட்டதெல்லாம் ஒத்திகை என்பது அப்போதுதான் விளங்கியது. இரண்டு பக்கத்து வீடுகளிலும் பிஸ்மில்லாஹ் என்ற குரல்கள் எழும்பின, கோப்பைகளில் கரண்டி தட்டியது. அட, நோன்பு திறந்துவிட்டார்கள், நான்தான் பிந்திவிட்டேன் என்று பதறி, சட்டைப்பையில் இருந்த பேரீச்சம்பழத்தை நானும் வாயில் போட்டேன். என் வெடிக்கு நானே நோன்பு திறந்தேன்.

ஹாஜியார் வீட்டு முன்னறையில் குப்பி விளக்கு எரிந்தது. பஸ்ஸில் முந்தியே வந்திருந்த வாப்பா எனக்கு இடம்விட்டு நகர்ந்தார். ஹாஜியார் தன் கையாலேயே கஞ்சிக் கோப்பையை நீட்டினார். அரைக் கோப்பை குடித்திருப்பேன், பள்ளிப் பக்கமிருந்து இன்னொரு வெடி கேட்டது. ஹாஜியாரின் கோப்பை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. முந்தி வெடித்தது எது என்று எனக்கு மாத்திரம் விளங்கியது.

கையில் நெருப்புப்பெட்டியோடு மோதினார் ஓடிவந்தார். தான் இப்போதுதான் கொளுத்தியதாகவும், முந்தி வெடித்தது தன்னுடையதல்ல என்றும் சத்தியம் செய்தார். ஹாஜியார் நம்பவில்லை. ஊர் வெடியை இரண்டு தரம் போட்டு விளையாடியவர் நாளையிலிருந்து பள்ளிக்கு வரத் தேவையில்லை என்றார். மோதினார் அழுதுவிட்டார். குசினி வாசலில் ஷிபானா நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தொழுகைக்குப் பிறகு கல்யாணத் தேதி. வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிசன் நிலத்தில் கொட்டிய நெருப்புக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"மாமா, அது என்ட பைக்."

"பைக்குக்கு யாரு வெடி கட்டின?"

"கொம்பியூட்டர்ல கொஞ்சம் மாத்தினேன் மாமா. பெற்றோல் மிச்சம் வரும் எண்டு."

ஹாஜியார் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "மிச்சம் வந்துச்சா மகன்?"

"இல்ல மாமா. எல்லாம் முடிஞ்சுது."

டாங்கியைச் சொன்னேனா என்னைச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. ஹாஜியார் வாயைக் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போனார். தொழுகை முடிந்து, மைக் இல்லாததால் படியில் நின்று வாயாலேயே அறிவித்தார். பொழுது பட முதல் நோன்பு திறந்தவர்கள் எல்லோரும் கழாச் செய்ய வேண்டும், அதாவது அந்த ஒரு நோன்பைப் பிறகு திரும்பவும் பிடிக்க வேண்டும். மோதினாரிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, பள்ளி மதிலோரம் நின்றவனை ஊரே திரும்பிப் பார்த்தது.

தேதியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பைக்கைப் பெருந்தெருவரை தள்ளிக்கொண்டு போனேன். உம்மா பின்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தா. பஸ் வரும்வரை வாப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டார், அந்தக் கோர்ஸ் ஆறு மாதத்தோடு முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று. அன்றிரவு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்தப் பெருநாளைக்கு நான் புதுச்சட்டையும் போடவில்லை. வாழ்க்கையில் ஒருத்தியைக் கேட்டேன், அவளுடைய ஊருக்கே நோன்பை முறித்துவிட்டேன், இனி எந்த முகத்தோடு ஆள் அனுப்புவது?

பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். பார்த்தால் மோதினார். அவர்களுடைய ஊரில் வருகிற வியாழக்கிழமை எல்லோரும் ஒன்றாகக் கழா நோன்பு பிடிக்கிறார்களாம். ஹாஜியாரிடம் எனக்காக அவர்தான் பேசியிருக்கிறார். ஹாஜியார் சொன்னதை அப்படியே சொன்னார்: "மாப்பிள்ளையும் வந்து எங்களோட திறக்கட்டும். பஸ்ல வரட்டும்."

பஸ்ஸில்தான் போனேன். பின்னேரத்து அசர் தொழுகையிலிருந்து ஹாஜியார் என்னைத் தன் பக்கத்தை விட்டு நகர விடவில்லை. பாங்கு சொன்ன பிறகும் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வெடி வருகிறதா என்று கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பழத்தைக் கடித்தார். அன்றைக்குத்தான் தேதி வைத்தார்கள்.

பைக்கை விற்றாகிவிட்டது. பள்ளிக்குப் புதுப் பெட்டரியும் வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு நோன்பிலும் பாங்கு கேட்டதும் மாமா பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மருமகன் உள்ளுக்கா?" என்று கேட்பார். "ஓம் வாப்பா, உள்ளுக்குத்தான்" என்று ஷிபானா சொன்ன பிறகுதான் வீட்டில் எல்லோருடைய கையும் வாய்க்குப் போகும். என் மகளுக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. போன கிழமை பிஸ்கட் ஒன்றைக் கொடுத்து, சாப்பிட முதல் என்ன சொல்ல வேண்டும் என்று என் உம்மா அவளிடம் கேட்டா. பிள்ளை இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு பயபக்தியோடு சொன்னாள், "வாப்பா உள்ளுக்கா?"